ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களா? அடுத்துச் செய்ய வேண்டியவை

திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவியில் என் வீட்டு அலமாரியில் கறுத்துப்போன தாள் ஒன்று இருக்கிறது. என் இதயம் தாளம் தப்பியதற்கு முதல் சாட்சி அதுதான். பத்திரமாக இருக்கட்டும் என்று அதை லேமினேட் செய்யக் கொடுத்தேன். ஈ.சி.ஜி. தாள் சூடு பட்டால் கறுக்கும் வகை என்பது எனக்கும் தெரியவில்லை, கடைப் பையனுக்கும் தெரியவில்லை. அந்த ஒரு தாள் போனதால் அடுத்த டாக்டரை நம்பவைக்க இரண்டு மாதம் அலைந்தேன்.

எனக்கு வயது 67. கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். களக்காட்டில் இருக்கும் என் ஓரகத்திக்கும் இதே நோய். ஆனால் அவளுக்குக் காரணம் வேறு, மாத்திரை வேறு, கையில் இருக்கும் பணமும் வேறு. ஆகவே இரண்டு பேருடைய அனுபவத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் எதைக் கொண்டுபோவது, என்ன கேட்பது, எதை எக்காரணத்தாலும் நிறுத்தக்கூடாது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

நோயைப் பற்றி ஒரே ஒரு செய்தி தெரிந்தால் போதும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்குகின்றன. அந்த நடுக்கத்தில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறைந்து கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. படபடப்பு நம்மைப் பயமுறுத்துகிறது. கையைக் காலை இழக்கச் செய்வது இந்தக் கட்டி. படபடப்பு நின்ற அன்றே மாத்திரையையும் நிறுத்துகிறவர்களை எங்கள் தெருவிலேயே இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன்.

1. படபடப்பு இருக்கும்போதே ஈ.சி.ஜி. எடுங்கள்

எனக்கு ஆறு மாதம் இதை 'வாய்வு' என்றே சொன்னார்கள். ஓமத் தண்ணீர் குடித்தேன், பெருங்காயம் போட்ட மோர் குடித்தேன். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சில் குருவி சிறகடிப்பது போல இருக்கும்; காலையில் கிளினிக்குக்குப் போனால் ஈ.சி.ஜி. சுத்தமாக இருக்கும். மூன்று முறை இப்படியே ஆயிற்று. வந்து வந்து போகிற வகை இது. நின்ற பிறகு எடுத்த ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாது.

எனவே படபடப்பு தொடங்கியதும் கடிகாரத்தைப் பாருங்கள், நேரத்தைக் குறியுங்கள், அருகில் எங்கே ஈ.சி.ஜி. எடுப்பார்களோ அங்கே உடனே போங்கள். பெரிய டாக்டர் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டாம். அந்த நேரத்தில் தாள்தான் முக்கியம். எனக்கு நான்காவது முறை 300 ரூபாயில் உண்மை வெளியே வந்தது. அப்படியும் பிடிபடாவிட்டால் 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஹோல்ட்டர் கருவி உண்டு. என்னிடம் 3,000 ரூபாய் வாங்கினார்கள். கைக்கடிகாரம் காட்டுகிற எச்சரிக்கையை அலட்சியம் செய்ய வேண்டாம். ஆனால் டாக்டர் ஒருவர் ஈ.சி.ஜி.யைப் பார்த்து உறுதி செய்யாமல் அதை நோய் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

நாடித் துடிப்பை வீட்டில் எண்ணும்போது 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். சீராக ஓடுகிற நாடிக்குத்தான் அந்தக் கணக்கு. தாளம் தப்பிய நாடியை முழு 60 விநாடி எண்ண வேண்டும். ரத்த அழுத்தக் கருவியும் இந்த நோயில் ஒரு முறைக்கு ஒரு முறை மாற்றிக் காட்டும். மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள்.

2. தாள்களைக் காப்பாற்றுங்கள்

ஈ.சி.ஜி. கையில் கிடைத்த அன்றே இரண்டு நகல் எடுங்கள், கைபேசியில் படமும் பிடியுங்கள். அசலை வெயில் படாத இடத்தில், காகித உறையில் வையுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பஸ் ஜன்னலோரம் மடியில் வைத்திருந்தாலே அது மங்கும். லேமினேஷன் கூடவே கூடாது.

கோப்பில் இருக்க வேண்டியவை: எல்லா ஈ.சி.ஜி.களும் தேதி வாரியாக, எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை, ரத்தப் பரிசோதனைகள், மருத்துவமனையிலிருந்து வெளிவரும்போது தந்த சுருக்கக் குறிப்பு, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், காப்பீட்டு அட்டை நகல். மாத்திரைப் பட்டியலில் கம்பெனிப் பெயரோடு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரு டாக்டர் ஒரு பெயரிலும் இன்னொரு டாக்டர் வேறு பெயரிலும் ஒரே மருந்தை எழுத, நீங்கள் இரண்டையும் விழுங்குவீர்கள். என் அண்ணன் ஒரு வாரம் விழுங்கினார். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தபோதுதான் கண்டுபிடித்தோம்.

3. முதல் மாதத்துப் பரிசோதனைகள்

எக்கோ கட்டாயம். வால்வில் கோளாறு இருக்கிறதா என்பதை அதுதான் சொல்லும். மாத்திரையின் தேர்வே அதைப் பொறுத்தது. தனியாரில் எனக்கு 1,800 ரூபாய். தைராய்டு பரிசோதனையை யாரும் எழுதவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலே இதயம் இப்படி ஓடும். அதைச் சரிசெய்தால் இதுவும் அடங்கக்கூடும். இவற்றோடு ஹீமோகுளோபின், தட்டணுக்கள், சர்க்கரை, கல்லீரல், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதயப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் போனால் அன்றைய நாள் வரிசையிலேயே கழியும். வெறும் வயிற்றில் போக வேண்டிய ரத்தப் பரிசோதனை என்றால் இட்லிப் பொட்டலம் கையில் இருக்கட்டும். துணைக்கு ஒருவர் வேண்டும். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் ரத்தம் கொடுக்கப் போகலாம்.

குறட்டை விடுகிறவரா நீங்கள்? வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள், நமக்கே தெரியாது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இந்த நோயைக் கிளப்பிவிடும் காரணங்களில் ஒன்று. டாக்டரிடம் அதையும் சொல்ல வேண்டும்.

4. பக்கவாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

டாக்டர்கள் 'சாட்ஸ்-வாஸ்க்' என்ற மதிப்பெண் முறையை வைத்திருக்கிறார்கள். இதயச் செயலிழப்புக்கு 1, ரத்த அழுத்தத்துக்கு 1, சர்க்கரைக்கு 1, மாரடைப்பு அல்லது ரத்தக்குழாய் அடைப்பு வந்திருந்தால் 1, வயது 65 முதல் 74 வரை 1, வயது 75 ஆகிவிட்டால் 2, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2, பெண் என்றால் 1. ஆணுக்கு 2, பெண்ணுக்கு 3 வந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தேவை என்பது பொது விதி. எனக்கு வயதுக்கு 1, அழுத்தத்துக்கு 1, பெண்ணாகப் பிறந்ததற்கு 1. ஐரோப்பிய இதய மருத்துவர்களின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பெண்ணுக்கான அந்த ஒரு மதிப்பெண்ணை நீக்கிவிட்டது. நீக்கினாலும் எனக்கு 2, மாத்திரை வேண்டும் என்ற விடை மாறவில்லை.

படபடப்பு எத்தனை முறை வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்பது இந்தக் கணக்கில் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மாதத்தில் ஒரு நாள் வந்து போகிறவருக்கும் இதே விதிதான். 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆஸ்பிரின் மட்டும் எழுதிக் கொடுத்தால், இந்தக் கட்டியைத் தடுக்க ஆஸ்பிரின் போதுமா என்று அங்கேயே கேளுங்கள். போதாது.

வாத வால்வு நோயால் (சிறு வயது மூட்டுக் காய்ச்சலில் வால்வு கெடுவது) இடப்பக்க வால்வு நன்றாகச் சுருங்கிப்போனவர்களும் செயற்கை உலோக வால்வு வைத்தவர்களும் இந்த மதிப்பெண்ணைப் பார்க்கவே வேண்டாம். அவர்களுக்கு மாத்திரை நிச்சயம்.

5. எந்த மாத்திரை, என்ன செலவு

இரண்டு வழி இருக்கிறது.

பழைய வழி: அசினோகூமரால் அல்லது வார்ஃபரின். மாத்திரை மலிவு, ஆனால் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், கீரையிலும் கவனம் வேண்டும். வாத வால்வுச் சுருக்கமும் உலோக வால்வும் உள்ளவர்களுக்கு இதுதான். என் ஓரகத்திக்குச் சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டது, எனவே அசினோகூமரால். 'புது மாத்திரை நல்ல மாத்திரை' என்று மருந்துக்கடையில் யாரோ சொல்ல, அவள் மாற்றிக்கொள்ளப் பார்த்தாள். வாத வால்வு நோயாளிகளிடம் ரிவராக்ஸபானைப் பழைய வகை மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளிவந்தது. அதில் பழையதே மேல் என்று தெரிந்தது. அவளுக்கு அதை நான் வாழைத்தோப்பு வரப்பில் உட்கார்ந்து விளக்கினேன்.

புது வழி: அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகாட்ரான். அடிக்கடி ரத்தம் பார்க்கத் தேவையில்லை, கீரைத் தடையும் இல்லை. விலை கூடுதல். நான் அபிக்ஸபான் சாப்பிடுகிறேன். முதலில் எழுதிய கம்பெனி மாத்திரைக்கு மாதம் 2,000 ரூபாயை ஒட்டி ஆனது. டாக்டரிடம் சொல்லி அதே மருந்தை வேறு கம்பெனியில் வாங்கியபோது பாதிக்கும் கீழே வந்தது. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் மாத்திரை தீர்கிற அன்று போய்க் கேட்காதீர்கள். பத்து நாள் கையிருப்பு இருக்கும்போதே வாங்குங்கள். இந்தப் புது மாத்திரைகளின் வேலை ஒரு நாளுக்குள் உடம்பிலிருந்து போய்விடும். 'ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்தது' என்பதை ரத்தம் கேட்காது.

புது மாத்திரையில் ஆள் விழும் குழிகள் சில:

அளவு. அபிக்ஸபான் வழக்கமாக 5 மில்லிகிராம், இரண்டு வேளை. வயது 80உம் அதற்கு மேலும், எடை 60 கிலோவும் அதற்குக் கீழும், கிரியாட்டினின் 1.5உம் அதற்கு மேலும் என்ற மூன்றில் இரண்டு பொருந்தினால்தான் 2.5. என் எடை 58 கிலோ என்பதைப் பார்த்துவிட்டு ஒரு கிளினிக்கில் 2.5 ஆக்கிவிட்டார்கள். ஒன்றுதானே பொருந்துகிறது என்று கேட்டேன். திரும்ப 5 ஆயிற்று. மாத்திரையைப் பாதியாக்கினால் ரத்தக்கசிவு பயம் குறையலாம், பக்கவாதத் தடுப்பும் சேர்ந்து குறையும்.

சாப்பாடு. ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் உடம்பு அதை முழுதாக ஏற்காது. திருச்செந்தூருக்குப் போய் ஆறு நாள் கந்த சஷ்டி விரதம் இருப்பவர்கள் போகும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள். மேலப்பாளையத்தில் என் தோழி நோன்பு மாதத்துக்கு ஒரு மாதம் முன்பே போய் சஹர், இஃப்தார் நேரங்களைச் சொல்லி அட்டவணை வாங்கி வந்துவிடுவாள்.

டாபிகாட்ரான் காப்ஸ்யூலை அதன் சொந்த உறையிலிருந்து எடுத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைக்கக்கூடாது. ஈரம் பட்டால் கெடும். திறந்து பொடியைக் கொட்டிச் சாப்பிடவும் கூடாது.

வேளை தவறினால்: இரண்டு வேளை மாத்திரை என்றால் ஆறு மணி நேரத்துக்குள், ஒரு வேளை மாத்திரை என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

சிறுநீரகம். புது மாத்திரை வெளியேறச் சிறுநீரகம் வேண்டும். 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். பெண் என்றால் 0.85ஆல் பெருக்குங்கள். எனக்கு 73 பெருக்கல் 58, கிரியாட்டினின் 1.0 என்பதால் வகுத்தல் 72, பெருக்கல் 0.85, விடை 50. 60க்குக் கீழே வந்தால் அதைப் பத்தால் வகுத்து, அத்தனை மாதத்துக்கு ஒரு முறை கிரியாட்டினின் பார்ப்பது டாக்டர்கள் சொல்லும் எளிய விதி. எனக்கு ஐந்து மாதம். வயிற்றுப்போக்கோ கடும் வாந்தியோ வந்தால் அதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

6. பழைய மாத்திரைக்காரர்களுக்கு: ஐ.என்.ஆர். நோட்டு

ஐ.என்.ஆர். என்பது ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு. பெரும்பாலோருக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். உலோக வால்வுக்காரர்களுக்கு டாக்டர் இன்னும் கூடுதலாகச் சொல்லலாம். தொடக்கத்தில் வாரந்தோறும் அல்லது அதைவிட நெருக்கமாக, நிலைபெற்ற பிறகு மாதம் ஒரு முறை. தனியாரில் 300 ரூபாய் ஒட்டி. முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பாருங்கள்.

மாத்திரையை மாலையிலோ இரவிலோ, தினமும் ஒரே நேரத்தில் போடுவது நல்லது. காலையில் ரத்தம் பார்த்து, பிற்பகலில் முடிவு வந்து, அன்று மாலையே அளவை மாற்ற அதுதான் வசதி.

என் ஓரகத்திக்கு 'ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3' என்று எழுதினார்கள். அவள் ஒற்றைப்படைத் தேதிக்கு 3, இரட்டைப்படைக்கு 2 என்று வைத்துக்கொண்டாள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் 31ஆம் தேதிக்கு அடுத்த நாள் 1ஆம் தேதி, இரண்டுமே ஒற்றை. வருடத்தில் ஏழு மாதம் இப்படி முடிகிறது. தேதியை விட்டுவிட்டுக் கிழமையாக எழுதி வாங்குங்கள்: திங்கள், புதன், வெள்ளி 3, மற்ற நாள் 2 என்று.

நோட்டில் ஐந்து கட்டம் போதும்: தேதி, ஐ.என்.ஆர்., அளவு, அடுத்த பரிசோதனைத் தேதி, அந்த வாரம் புதிதாகச் சாப்பிட்ட மருந்து. ஐந்தாவது கட்டத்தில்தான் பெரும்பாலான புதிருக்கு விடை இருக்கும். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல், அமியோடரோன் எல்லாம் ஐ.என்.ஆரை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான கார்பமசெபைனும் இறக்கும். இவற்றில் சில புது மாத்திரைகளோடும் மோதும். எந்த டாக்டர் எதை எழுதினாலும் 'நான் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று முதலில் சொல்லுங்கள். ஆண்டிபயாட்டிக் தொடங்கினால் சில நாளில் ஐ.என்.ஆர். பாருங்கள்.

7. துடிப்பை அடக்கும் மாத்திரைகள்

மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், டில்டியாசெம், டிகாக்சின் போன்றவை வேகத்தைக் குறைக்கும். ஆஸ்துமா இருந்தால் முதலிரண்டையும் தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள். திடீரென நிறுத்தினால் துடிப்பு பாயும். அமியோடரோன் கொடுத்தால் தைராய்டும் கல்லீரலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். வெயில் பட்டால் தோல் கருகுவது போலாகும், குடை பிடிக்க வெட்கப்படாதீர்கள்.

8. சாப்பாடு, நாட்டு மருந்து, சத்து மாத்திரை

கீரை விஷயத்தில் ஓரகத்தி பட்ட பாடு பெரிது. 'கீரை ஆகாது' என்று யாரோ சொன்னதும் அடியோடு விட்டாள். ஐ.என்.ஆர். 4.8க்கு ஏறியது. அளவைக் குறைத்தார்கள். பிறகு ஊர்க் கோயில் கொடைவிழாவுக்கு உறவெல்லாம் வந்து, முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறு மூன்று நாள் ஓடியது, 1.4க்கு இறங்கியது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு நேர் எதிரி. கீரையை விடச் சொல்லவில்லை யாரும். வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு கரண்டி என்றால் எல்லா வாரமும் அதே. அளவு மாறக்கூடாது, அவ்வளவுதான். புது மாத்திரைக்காரர்கள் கூட்டாஞ்சோற்றைக் கவலையில்லாமல் சாப்பிடலாம்.

தாமிரபரணிக் கரையெங்கும் மருத மரம் நிற்கிற ஊர் இது. இதயம் என்று சொன்னவுடன் நாலு வீட்டிலிருந்து மருதம்பட்டைப் பொடி வந்துவிடும். எனக்கு மூன்று டப்பா வந்தது. மருதம்பட்டை இந்தக் கட்டியைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகளோடு சேர்ந்தால் அழுத்தம் மேலும் இறங்கலாம். சித்த மருத்துவம் பார்க்க வேண்டும் என்றால் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே மாத்திரைப் பட்டியலோடு போங்கள், அவர்கள் எழுதியதை இதய டாக்டரிடமும் காட்டுங்கள். பெயர் எழுதாத பொட்டலத்தை மட்டும் யாரிடமும் வாங்காதீர்கள்.

மீன் எண்ணெய் மாத்திரை இதயத்துக்கு நல்லது என்று என் மகன் வெளிநாட்டிலிருந்து பெரிய புட்டியாக அனுப்பினான். அதிக அளவில் எடுக்கும் ஒமேகா-3 மாத்திரைகள் இந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2023இல் இதைப் பக்கவிளைவாகவே சேர்க்கச் சொன்னது, நாளொன்றுக்கு 4 கிராம் எடுத்தவர்களிடம் ஆபத்து மிக அதிகம் என்றும் சொன்னது. குழம்பில் வரும் மீனுக்கு இந்தத் தடை இல்லை. புட்டி அப்படியே இருக்கிறது.

மக்னீசியமும் பொட்டாசியமும் ரத்தத்தில் குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். குறையாதபோது விழுங்கினால், அதுவும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, பொட்டாசியமே இதயத்தை நிறுத்தும். பூண்டு, இஞ்சி, மஞ்சள் சமையலில் தாராளமாக; அவற்றையே சாறு இறக்கிக் காப்ஸ்யூலாக விற்பதுதான் ரத்தக்கசிவைக் கூட்டும். ஜின்கோவும் அப்படியே. கோ-என்சைம் க்யூ10 பழைய மாத்திரையின் வேகத்தைக் குறைக்கலாம். பல சத்து மாத்திரைகளில் வைட்டமின் கே சேர்ந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்து மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் எதையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ரத்தம் உறையாத மாத்திரையோடு சேர்ந்தால் குடல் கசியும். பாராசிட்டமால் அளவாகப் போடலாம்; பழைய மாத்திரைக்காரர்கள் அதையும் பல நாள் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும்.

காலைக் காப்பியை என் டாக்டர் தடுக்கவில்லை. கொடை இரவில் கண் விழித்து மது அருந்துவது வேறு கதை. மறுநாள் காலையில் நாடி தாளம் தப்பி வருகிறவர்களில் பலர் அந்தக் கணக்கு.

9. ஷாக் சிகிச்சையும் அபிளேஷனும்

தாளத்தைத் திருப்ப மயக்கம் கொடுத்து நெஞ்சில் சிறு மின்னதிர்ச்சி தருவார்கள். சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். ஆனால் அதற்கு முன் மூன்று வாரம் ஒரு வேளைகூட விடாமல் மாத்திரை சாப்பிட்டிருக்க வேண்டும். பின்பு குறைந்தது நான்கு வாரம். நான் பேத்தியின் காதுகுத்து அமளியில் இரண்டு வேளை விட்டிருந்தேன். மருத்துவமனைக் கட்டிலில் ஏறியபின் அதைச் சொன்னேன். சிகிச்சையைத் தள்ளிவைத்தார்கள், 21 நாள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. அப்போது கோபம் வந்தது. மறைத்திருந்து, மேலறையில் கட்டியும் இருந்திருந்தால், அது மூளைக்குப் போயிருக்கலாம். காத்திருக்க முடியாதவர்களுக்கு உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்துக் கட்டி இல்லை என்று பார்த்துவிட்டுச் செய்வார்கள். அதற்குக் கட்டணம் தனி.

ஷாக் எனக்கு ஏழு மாதம் தாங்கியது. பிறகு அபிளேஷன்: தொடை வழியாகக் குழாய் செலுத்தி, நுரையீரலிலிருந்து ரத்தம் வரும் நாளங்களின் வாயைச் சுற்றிச் சுட்டோ உறையவைத்தோ தடுப்பு போடுகிறார்கள். இதற்கு மின்னியல் பயிற்சி பெற்ற இதய டாக்டர் வேண்டும். நம் பக்கத்தவர்கள் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகிறார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மத்திய அரசினது. எனக்குத் தனியாரில் சொன்ன மதிப்பீடு மூன்றிலிருந்து நான்கு லட்சம். மதிப்பீட்டை எழுத்தில் வாங்கும்போது கேளுங்கள்: குழாய்களும் வரைபடக் கருவியும் இதில் சேர்ந்தவையா, உணவுக்குழாய் எக்கோ சேர்ந்ததா, ஒரு நாள் கூடத் தங்கினால் எவ்வளவு, மறுமுறை செய்ய நேர்ந்தால் எவ்வளவு. சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படும். அதை முதலிலேயே சொல்லாத இடத்தை நான் நம்பமாட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் முதல் இரண்டு மூன்று மாதம் படபடப்பு வந்து போகலாம்; அதைத் தோல்வி என்று எண்ணிவிடாதீர்கள். ஆனால் சில வாரம் கழித்துக் காய்ச்சல், விழுங்கும்போது வலி, பேச்சுக் குழறல் வந்தால் உள்ளூர் மருந்தோடு நிற்காமல் அபிளேஷன் செய்த இடத்துக்கு உடனே பேசுங்கள். உணவுக்குழாயில் துளை விழும் அரிய ஆபத்து அது. அவர்களைக் கேட்காமல் யாரும் எண்டோஸ்கோப்பி செய்யவும் விடாதீர்கள்.

அபிளேஷனுக்குப் பிறகு நாடி நேர்கோடு போல ஓடுகிறது. நான் இன்னும் அபிக்ஸபான் சாப்பிடுகிறேன். நான்காம் பகுதியில் போட்ட மதிப்பெண் எனக்கு மாறவில்லையே.

10. காப்பீடு

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். குடும்ப அட்டையில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். ஓரகத்திக்கு ஒரு அட்டையில் 'இசக்கியம்மாள்', இன்னொன்றில் 'இசக்கி'. திருத்தவே மூன்று வாரம். களக்காட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்து போன செலவு வேறு.

நோய் முற்றியபின் அட்டைக்கு அலையாதீர்கள். நன்றாக நடமாடும்போதே வாங்கி வையுங்கள். சேர்க்கும் முன், அந்த மருத்துவமனை திட்டப் பட்டியலில் இருக்கிறதா, உங்களுக்குச் சொன்ன சிகிச்சை அங்கே அனுமதிக்கப்பட்டதா என்று 1800 425 3993இல் கேளுங்கள். மாதாந்தர மாத்திரைச் செலவு பெரும்பாலும் நம் கையிலிருந்துதான்.

11. பல், கண், கீழே விழுதல்

பல் பிடுங்கவோ கண்புரைக்கோ போகும்போது அவர்கள் 'ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்' என்றால் தலையாட்டாதீர்கள். பல சிறு சிகிச்சைகளுக்கு நிறுத்தவே தேவையில்லை. இதய டாக்டர் எழுத்தில் தரட்டும்: நிறுத்த வேண்டுமா, எந்த வேளையிலிருந்து, எந்த வேளையில் மீண்டும். பிட்டத்தில் போடும் ஊசிக்கும் முன்பே சொல்லுங்கள். உள்ளே ரத்தம் கட்டும்.

முடியிறக்கும்போது கீறினால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். குற்றாலத்துப் பாறையில் வழுக்கித் தலை அடிபட்டால் அப்படி அல்ல. எழுந்து நடந்தாலும், ரத்தமே வராவிட்டாலும், அன்றே ஸ்கேன்.

12. 108ஐ அழைக்க வேண்டிய நேரம்

வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால் அந்த நிமிடமே 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரத்துக்குள் போக வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்தோ ராதாபுரத்திலிருந்தோ பாளையங்கோட்டைக்கு வரும் நேரத்தையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள். தலையில் ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் நின்று நேரம் போக்க வேண்டாம். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சிரைப்போடு வரும் படபடப்பு, ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் இவையும் அதே அவசரம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதை ஞாபகம் வைத்து, சந்தேகம் இருந்தால் போய்க் காட்டிவிடுங்கள்.

வருகிற டாக்டர் முதலில் கேட்பது, ரத்தம் உறையாத மாத்திரையைக் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பது. அந்த ஊசியைப் போடலாமா கூடாதா என்பதே அதைப் பொறுத்தது. பேச்சுப் போனவர் எப்படிச் சொல்வார்? எங்கள் அடுக்களைக் கதவின் உட்புறம் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. காலை மாத்திரை போட்டதும் ஒரு கோடு, இரவு போட்டதும் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் மணி. கோப்பு அதே ஆணியில். என் வீட்டுக்காரருக்குக் கண் சற்று மங்கல் என்பதால் தடித்த பேனாவால் எழுதுகிறேன்.